உங்கள் பாதுகாப்பு கருதி

கடையில் கார்டைச் செருகி ரகசிய எண்ணை அழுத்தும்போது மறு கையால் பொத்தான்களை மறைத்துக்கொள்ள வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் செய்வதில்லை. கூச்சம்தான் காரணம். பின்னால் நிற்பவரைத் திருடன் என்று நினைத்துவிட்டோமென்று அவர் வருத்தப்படுவாராம். முன்பின் தெரியாதவர் மனம் நோகக் கூடாதென்று பார்த்துப் பார்த்துப் பணத்தைப் பறிகொடுத்த எத்தனையோ பேரிடம் நான் தொலைபேசியில் பேசியிருக்கிறேன், சார்.

நீங்களும் அந்த ரகம்தான். நேற்று விசாரணைக்கு நடுவில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். கார்டை கேன்டீன்காரரிடம் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் அதை உள்ளே எடுத்துப்போய்த் தேய்த்துக் கொண்டுவந்தார். கார்டு நம் கண்ணைவிட்டு மறையவே கூடாது. டீக்கு நன்றி. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

கார்டு நிறுவனத்தின் மோசடித் தடுப்புப் பிரிவில் இருக்கிறேன். இருந்தேன் என்று சொல்ல வேண்டுமோ என்னவோ. ஒரு பெரிய கூடம், வரிசையாக மேஜைகள், மேஜைக்கொரு திரை. உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒருவர் கார்டைத் தேய்க்கிறார். அவர் வழக்கமாகப் போகாத ஊர், வழக்கமாக வாங்காத பொருள் என்றால் அந்த வரி சிவப்பாகி எங்கள் முன்னால் வந்து நிற்கும். அது திருடனா, உரியவரேதானா என்று பார்ப்பது எங்கள் பாடு. சொந்தப் போனை உள்ளே கொண்டுவரக் கூடாது. வாசலில் இருக்கும் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். சொந்தக்காரர்களின் கணக்கைத் தொடவும் கூடாது. இரண்டும் நல்ல விதிகள்.

கூடத்தில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாடு போகிறவர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்த நிறுவனம் என்னைத்தான் அனுப்பும். நான் சொல்வது எளிமையானது. கிளம்பும் முன் எந்த ஊருக்குப் போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று எங்களிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் உங்களையே திருடன் என்று நினைத்துக் கார்டை நிறுத்திவிடுவோம். இரண்டு கார்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில். அவசரத்துக்குக் கொஞ்சம் ரொக்கம் தனியாக இருக்கட்டும். கணக்கில் உங்கள் போன் எண்ணைப் பதிந்து வையுங்கள். மாமனார் எண், மச்சான் எண் எல்லாம் வேண்டாம், நீங்கள் அங்கே தவிக்கும்போது அவர் இங்கே குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். முடிந்ததும் கை தட்டுவார்கள். இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தை தவறில்லை.

இனி என் தங்கை. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். வைத்தது நான்தான்.

அம்மா போனபோது அவளுக்குத் தலைவாரிக்கொள்ளத் தெரியாத வயது. அதற்கு முன்பே அப்பா, "சாமான் வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு குடும்பத்துக்குப் போய்விட்டார். வெளியே போகிறவர்களை நம்பக் கூடாதென்பதை அவர் எனக்குச் செலவில்லாமல் கற்றுக்கொடுத்தார். வாலுவுக்கு இளைப்பு நோய் வேறு. குளிர் பட்டால் நெஞ்சு கீச்சிடும். நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தேய்த்து, இன்ஹேலரை வாயில் வைத்து, "இழு, இன்னும் இழு, விடாதே" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அவள் மூச்சுச் சத்தத்தை வைத்தே எத்தனை நாள் படுக்கையில் கிடப்பாள் என்று சொல்லிவிடுவேன். டாக்டரே என்னைக் கேட்டுத்தான் மருந்து எழுதுவார்.

என்னைக் கட்டிக்கொள்ள வந்த ஒருவர், "தங்கச்சிய ஒரு ஹாஸ்டல்ல சேத்துடலாமே" என்றார். மனிதர் நல்லவர்தான். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பச் சொன்னேன். அதற்குப் பிறகு வந்தவர்களும் ஏறக்குறைய அதையே வேறு வேறு வார்த்தைகளில் கேட்டார்கள். பிறகு யாரும் வரவில்லை. இதையெல்லாம் தியாகம் என்று நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. அவளிடம் மட்டும் சில சமயம் சொல்லியிருக்கிறேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது கணக்குத் திறந்து கார்டு வாங்கிக் கொடுத்தது நான். பதிவு எண்ணாக என் எண்ணைக் கொடுத்தேன். அப்போது அவளிடம் போன் இல்லை. பிறகு வாங்கினாள். எண்ணை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவள் எங்கே எதை வாங்கினாலும் என் போனுக்குச் செய்தி வரும். அவள் என்னிடம் சொல்லாததையெல்லாம் கார்டு சொல்லியது. எப்போதும் ஒரு காபி வாங்குகிறவள் ஒருநாள் இரண்டு வாங்கினாள். பிறகு தினமும் இரண்டு. சினிமாவுக்கு இரண்டு டிக்கெட். ஆண்கள் போடும் கம்பளிக் கையுறை ஒரு ஜோடி. "யாருடி அது?" என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே என்று பயமாக இருந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் அலுவலகத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுபோய் அவள் உள்ளே மாட்டிக்கொண்டு, பயத்தில் மூச்சு முட்டியபோது, கதவிடுக்கில் வாயை வைத்து ஏதேதோ கதை பேசி அவளை ஆசுவாசப்படுத்தியிருக்கிறான். அதற்கப்புறம் கதவைத் திறந்தானாம். நான் இத்தனை வருஷம் செய்ததை அவன் ஒரு தடவை செய்தான், அவளுக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது?

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் திட்டம் போட்டுச் செய்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். முதல் தடவை அது தானாகத்தான் நடந்தது. அவள் அலுவலகத் தோழிகளோடு ஒரு மலைப் பிரதேசத்துக்குப் போயிருந்தாள். எங்களிடம் சொல்லாமல் போனதால் கார்டு நின்றுவிட்டது. கடன் வாங்கிக்கொண்டு பாதியிலேயே திரும்பிவந்தாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மடியில் தலையை வைத்து, "நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே ஓடலக்கா" என்று அழுதாள். நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். பெரியவளான பிறகு அவள் என் மடியில் படுத்தது அன்றைக்குத்தான்.

ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பார்கள். எனக்கு இருந்தது ஒரே ஒரு உறிதான். அடுத்த வருஷம் அவள் வேறொரு நகரத்துக்கு வேலைத் தேர்வுக்குப் போனாள். அவள் விடுதியில் கார்டைத் தேய்த்ததும் எங்கள் கணினி சந்தேகப்பட்டு வழக்கம்போல் பதிவு எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பியது. 'இந்தப் பரிவர்த்தனையைச் செய்தது நீங்களா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு.' நான் இரண்டை அழுத்தினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. செய்தது நான் இல்லையே.

தேர்வு எழுதாமலே வந்துவிட்டாள். அவளைத் தேற்றி, "அந்த ஊர்க் குளிர் உனக்கு ஒத்துக்காது, விடு" என்றேன். அது உண்மையும்கூட.

இரண்டு தடவை சூடுபட்டவள் மூன்றாம் தடவை ஜாக்கிரதையாக இருந்தாள். கடல் கடந்து போகிறாள். ஒரு வாரம் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். லிஃப்ட்காரனுக்கு அந்த நாட்டில் வேலை கிடைத்து அவன் முன்னமே போயிருந்தது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. கிளம்பும் முன் சமையலறையில் வந்து நின்றாள்.

"அக்கா, நான் போற ஊரெல்லாம் உங்க ஆபீஸ்ல சொல்லிடறியா? மறுபடி நட்டநடுத் தெருவுல நிக்க முடியாது."

"சொல்லியாச்சு."

"நிஜமா?"

"வீட்டுலயே பேங்க்க வெச்சுக்கிட்டு ஏன்டி கவலைப்படற?"

சிரித்தாள். கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். மற்றவர்கள் எங்கள் நிறுவனத்துக்குப் போன் செய்து, பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, ஊர்ப் பெயரைப் பதிந்துவிட்டுப் போகிறார்கள். அவளுக்கு அக்காவிடம் சொன்னால் போதும், உலகத்திடம் சொன்ன மாதிரி. நான் எதையும் பதியவில்லை. சொந்தக்காரர்கள் கணக்கைத் தொடக் கூடாதென்று விதி இருக்கிறது.

அவள் பெட்டி திறந்து கிடந்தது. துணிகளை மடித்து வைக்கலாமென்று உட்கார்ந்தேன். ஒரு வாரத்துக்கு வேண்டியதைவிட அதிகமாக இருந்தது. அடியில், புடவைக்குள் சுற்றி, அம்மாவின் போட்டோ. சுவரில் சட்டம் அப்படியே மாட்டியிருக்க, உள்ளேயிருந்த படத்தை மட்டும் எடுத்துவைத்திருக்கிறாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சாமான் வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போகிறவர்களை எனக்கு அடையாளம் தெரியும்.

இன்னொரு கார்டைக் காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். நான் ஊருக்கெல்லாம் சொல்லும் பாடத்தை அவள் ஒழுங்காகக் கேட்டிருந்தாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கார்டை எடுத்து என் அலமாரியில் வைத்தேன், காலுறையைப் பழையபடியே சுருட்டி வைத்தேன்.

வாசலில் நின்று புத்தி சொன்னேன். "கையில ரொம்ப ரொக்கம் வெச்சுக்காத, பறிச்சுட்டுப் போயிடுவான். ஓட்டல் வைஃபைல எதையும் திறக்காத, போனுக்குள்ள பூந்துடுவானுங்க. போன் இணைப்பு அங்க போயி கார்டுல வாங்கிக்க." எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சொன்னபடியே செய்தும் இருக்கிறாள். அவள் சொல்பேச்சுக் கேட்காதவள் என்று நான் எப்போதும் குறை சொல்வேன். அது தப்பு.

அங்கே இறங்கி, விமான நிலையத்தில் போன் இணைப்பு வாங்கக் கார்டைத் தேய்த்தாள். எனக்குச் செய்தி வந்தது. நான் அப்போது லாக்கர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். இரண்டை அழுத்திவிட்டுப் போனை உள்ளே வைத்துப் பூட்டி, என் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். கோபமாக இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. வீட்டில் கதவைத் தாழிட்டுவிட்டுப் படுக்கும்போது வருமே, அப்படி ஒரு நிம்மதி.

கையில் இருந்த சில்லறைக் காசில் விடுதிவரை போய்ச் சேர்ந்திருக்கிறாள். லிஃப்ட்காரன் வேறோர் ஊரில் ஒரு பெரிய கட்டடத்தில் வேலையாக இருந்தான். மறுநாள்தான் அவனுக்கு விடுப்பு. விடுதி வரவேற்பறைப் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவர்கள் போனைக் கருவிப் பையோடு தரையில் விட்டுவிட்டுத்தான் இறங்குவார்களாம். ஒவ்வொரு தொழிலிலும் ஒரு லாக்கர் இருக்கிறது. என் போனுக்கும் கூப்பிட்டிருக்கிறாள். கடைசியில் எங்கள் அவசர எண்ணுக்கு அடித்தாள்.

பக்கத்து மேஜைக்காரர்தான் எடுத்தார். ஓயாமல் பேசுவதால் அவரை ரேடியோ என்போம். அழைப்பை நிறுத்திவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், உங்க தங்கச்சி லைன்ல இருக்காங்க. கார்டு நின்னுருச்சாம். குறியீடு அனுப்பினேன், அது உங்க போனுக்கு வருதாமே. எடுத்துட்டு வந்து சொல்லுங்க, திறந்து விட்டுர்றேன்."

"போன் லாக்கர்ல இருக்கு. வேலை நேரத்துல எடுக்கக் கூடாது."

"அட, ஒரு நிமிஷம்தானே? யாரு கேக்கப் போறா?"

"விதின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

அவர் என்னைக் கும்பிட்டுக் காட்டினார். "அப்ப நீங்களே பேசிக்குங்க சாமி" என்று அழைப்பை என் பக்கம் தள்ளிவிட்டார். அந்த ஒலிப்பதிவைத்தான் நேற்று நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். ஒரு பொம்பளை பேசுகிற பேச்சா இது என்று உங்களுடன் இருந்தவர் முணுமுணுத்தார். அவருக்கு எங்கள் தொழில் தெரியாது. பதிவாகும் அழைப்பில் அப்படித்தான் பேச வேண்டும்.

"வணக்கம். உங்கள் பாதுகாப்பு கருதி இந்தக் கார்டு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்றேன்.

"அக்கா! நான்தான்கா."

"சொல்லுங்க."

"என்னக்கா, சொல்லுங்கன்ற? ரூமுக்குப் பணம் கட்டணும். இன்னொரு கார்டையும் காணோம், எங்கயோ விட்டுட்டேன் போல. நீ ஆபீஸ்ல சொல்லிட்டேன்னுதானே சொன்ன?"

"பதிவு எண்ணுக்கு ஒரு குறியீடு வந்திருக்கும். அதைச் சொன்னீங்கன்னா திறந்துடலாம்."

"அது உன் போனுக்கில்ல வரும்?"

"பதிவு எண்ணை மாத்தணும்னா நேர்ல வரணும்."

மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "அக்கா, நான் வரலக்கா. இங்கயே இருக்கப் போறேன். உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ற தைரியம் இல்ல. அப்புறமா எவ்ளோ வேணா திட்டு, வாங்கிக்கிறேன். இப்ப கார்டத் திறந்து விடுக்கா. இங்க ஒரே குளிரு, மருந்து தீந்துடுச்சு."

"வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா?" என்றேன். அழைப்பை முடிக்கும் முன் அதைக் கேட்டாக வேண்டும்.

ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தார். "கூடப் பொறந்தவகிட்டயே வேற உதவி வேணுமான்னு கேட்ட ஒரே ஆள் நீங்கதான் டீச்சர்" என்றார். மேற்பார்வையாளர் எழுந்து வந்து எல்லோர் முன்னிலையிலும், "பாத்துக் கத்துக்குங்க. நேர்மைன்னா இப்படி இருக்கணும்" என்றார். அவள் அங்கே திணறிக்கொண்டிருக்க, இங்கே எனக்குப் பாராட்டு நடந்தது. உங்களுக்கு இது கசக்கும். எனக்கும் கசந்தது, ஆனால் அந்தப் பாராட்டை வேண்டாமென்று சொல்லவில்லை.

இடைவேளையில் லாக்கரைத் திறந்து பார்த்தேன். குறியீடு வந்திருந்தது, காலாவதியாகியும் இருந்தது. 'இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்' என்று கீழே போட்டிருந்தார்கள். நான் பகிரவில்லை.

அதன் பிறகு அவள் என் திரையில்தான் நடந்தாள். நிறுத்தப்பட்ட கார்டைத் தேய்த்தாலும் எங்களுக்கு வரி வரும். முதலில் அதே தெருவில் ஒரு மருந்துக் கடை. மறுக்கப்பட்டது. மறுபடி அதே கடை, இன்னும் சிறிய தொகை. விலை குறைந்த மருந்தாகக் கேட்டிருப்பாள். மறுக்கப்பட்டது. பிறகு கொஞ்சம் தள்ளி வேறொரு மருந்துக் கடை. அதற்கப்புறம் ஒரு தனியார் கிளினிக், முன்பணம். மறுக்கப்பட்டது. ஒருவர் தெருவில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போவதை ஜன்னலில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது. "டீச்சர், திருட்டுக் கார்டுன்னா இவ்ளோ மருந்துக் கடைக்கா போவான்?" என்று ரேடியோ கேட்டார். அவர் குரலில் அப்போது சிரிப்பு இல்லை. "விதியைப் பாருங்க" என்றேன். அவர் திரும்பிக்கொண்டார்.

கிளினிக்குக்குப் பிறகு வரி வரவில்லை.

மிச்சத்தை லிஃப்ட்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கருவிப் பையிலிருந்த போனைப் பார்த்ததுமே வண்டி பிடித்துக் கிளம்பியிருக்கிறான். அவன் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய பெட்டி வரவேற்பறையில் இருந்தது. பணம் கட்டாததால் அறையைப் பூட்டிவிட்டார்கள். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று விடுதிக்காரர் நினைத்திருக்கிறார். ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று அவர் முன்பே கேட்டாராம். வேண்டாம் என்றாளாம். "எங்கக்கா அந்த பேங்க்லதான் இருக்கா. பாத்துக்கிட்டுத்தான் இருப்பா. இப்பத் திறந்து விட்டுருவா" என்றாளாம்.

அவளைக் கொண்டுவந்து சேர்த்தவனும் அவன்தான். எல்லாம் முடிந்த பிறகு என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தான். நல்ல உயரம். கையில் அந்தக் கம்பளிக் கையுறையைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"வேலியே பயிர மேஞ்சிருச்சு" என்றான். "அவ சாகுறவரைக்கும் உங்கள ஒரு வார்த்த தப்பா பேசலங்க."

நான் அவனோடு வாக்குவாதம் செய்யவில்லை. ஆனால் உங்களிடம் சொல்லலாம். வேலி பயிரை மேயவில்லை, சார். வேலி நின்ற இடத்தில்தான் நின்றது. பயிருக்குத்தான் கால் முளைத்தது. அவன் போய் எங்கள் நிறுவனத்தில் எழுதிக் கொடுத்தான், அவர்கள் ஒலிப்பதிவைத் தேடி எடுத்தார்கள், என் போனிலிருந்து போன பதிலையும் எடுத்தார்கள், நீங்கள் வந்தீர்கள். அதிலெல்லாம் எனக்கு யார்மேலும் வருத்தமில்லை. அவரவர் வேலையை அவரவர் செய்கிறார்கள்.

நேற்று நான் சொன்னதில் சிலதைத் திருத்த வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் லைன் சரியில்லை, மூச்சு வாங்கும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்றேன். கேட்டது. எத்தனையோ வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தம், கடல் தாண்டி வந்தால் தெரியாமல் போய்விடுமா? மருந்துக் கடை வரி வந்தபோது தலைவலி மாத்திரை வாங்குகிறாளென்று நினைத்தேன் என்றேன். நினைக்கவில்லை. அவள் எதற்காக மருந்துக் கடைக்குப் போவாள் என்று எனக்குத் தெரியும். அந்த மூச்சு இன்னும் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதும் ஏறக்குறைய தெரியும். கார்டை நிறுத்தியது நான். திறக்க முடிந்தும் திறக்காமல் இருந்தது நான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் அவள் சாகட்டும் என்று நான் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அது அபாண்டம். நான் காத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வரி ஏதாவது ஒரு விமான நிறுவனத்தின் பெயரில் வரும், வந்துவிடும் என்று திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு வரி வந்திருந்தால் சொந்தக்காரர், விதி எதுவும் பார்த்திருக்க மாட்டேன், அந்த நொடியே திறந்துவிட்டிருப்பேன். என் விரல் அந்தப் பொத்தான்மேலேயேதான் இருந்தது, சார். அவள்தான் கடைசிவரைக்கும் வீட்டுக்கு டிக்கெட் எடுத்துப் பார்க்கவே இல்லை.